அடுத்தவர் காதில் ஹெட்போன் வைப்பது

காதைத் தூரத்திலிருந்து பார்க்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. கம்மல் போட்டுக்கொண்டு, முடி ஒதுக்கிக்கொண்டு, லட்சணமாகத்தான் இருக்கும். நாலு விரல் தூரத்தில் விளக்கடித்துப் பார்க்கும்போதுதான் அது ஓர் ஓட்டை என்பது தெரியும். ஓட்டைக்குள் மெழுகு, மயிர், செத்த தோல். ஆள் எண்ணூர் அனல்மின் நிலையம் பக்கம் வேலை செய்கிறவராக இருந்தால் இவை எல்லாவற்றையும் குழைத்துப் பூசிய மாதிரி ஒரு சாம்பல். கேட்பியல் படித்த நான்கு வருடத்தில் பாதி நேரம் எங்களுக்குக் கொடுத்தது ரப்பர் காது. ரோஜா நிறம், சோப்பு வாசனை. மீதி நேரம் ஒருவர் காதை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குளித்துவிட்டு வந்த, இருபது வயதுக் காதுகள். அதை நம்பி வேலைக்கு வந்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் காது மேல் ஆசையே கிடையாது. ஆசை ஹெட்போன் மேல். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஒரு பெரிய ஹெட்போன் வாங்கினேன். காதை முழுசாக மூடுகிற வகை. ராயபுரத்திலிருந்து ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி காரணமில்லாமல் நிற்கும் நேரமெல்லாம் எனக்கு அதை வைத்து ஆராய்ச்சிதான். மேல் பட்டையை உச்சந்தலையிலிருந்து ஒரு விரல் பின்னால் தள்ளினால் பாரம் குறையும். மெத்தையின் கீழ் ஓரம் தாடை எலும்புக்குப் பின்னால் பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் தபேலாவை இடது கையே இல்லாமல் வாசிக்கிற மாதிரி கேட்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சந்து விட்டுவிடும், அந்தச் சந்து வழியாகக் கும்மென்ற அடிச்சத்தம் எல்லாம் ஒழுகிப்போகும். காம்பைக் காதுக்கு மேலே தூக்கி வைத்துப் பார், வித்தியாசம் தெரியும் என்று நான் பிடித்து வைத்துச் சொல்லாத தோழி கிடையாது. அந்த ஹெட்போனை என் தம்பி ஒருநாள் தலையில் எண்ணெயோடு எடுத்து மாட்டிக்கொண்டான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. மெத்தையைக் கழற்றிக் கழுவினேன். அப்புறமும் மாட்டும்போதெல்லாம் அவன் தலை வாசனை வருவது போலவே இருந்தது. மெத்தையையே மாற்றினேன்.

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த முதல் வேலை, கண்டவர் காதில் ஹெட்போன் வைப்பது.

சத்தம் அதிகமுள்ள ஆலைகளில் தொழிலாளிகளின் செவித்திறனை வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். அதற்கென்று வேன் வைத்திருக்கிற சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். வேனுக்குள் சத்தம் புகாத ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு ஸ்டூல், ஒரு பட்டன், ஒரு ஹெட்போன். ஆள் உட்காருவார், நான் பெட்டியின் கண்ணாடிச் சுவருக்கு வெளியிலிருந்து ஒலி அனுப்புவேன், கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். எவ்வளவு சன்னமான ஒலிவரைக்கும் அழுத்துகிறார் என்பதுதான் கணக்கு. நானும் வேன் ஓட்டுகிறவரும், வேறு ஆள் கிடையாது. அவர் எம்.கே.பி. நகர்க்காரர். எந்த ஆலை கேட்டிலும் யாரையாவது "மாமு" என்று கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. முதல் வருடமே எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொன்னது. ஹெட்போனை ஆள் கையில் கொடுக்காதே, நீயே வை. சிவப்பு வலது காது, நீலம் இடது காது. மூக்குக்கண்ணாடி, கம்மல், முடி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒலி வருகிற துளை காதுத் துளைக்கு நேர் எதிரே வரும்படி வைத்து, அப்புறம் பட்டையை இறக்கு. அரை விரல் நகர்ந்தால் போதும், நல்ல காதும் கெட்ட காதாகத் தெரியும். பாட்டு கேட்பவருக்கு அரை விரல் நகர்ந்தால் பாட்டு கொஞ்சம் சப்பென்று இருக்கும். இங்கே அரை விரல் நகர்ந்தால் ஒரு காகிதத்தில் ஒருவர் செவிடு என்று எழுதப்படும்.

இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எண்ணூரில் ஓர் இரும்பு ஆலை. பெரிய பெரிய சட்டங்கள் செய்கிற இடம். நாள் முழுக்கத் தகட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள் நாற்பத்து நான்கு பேர், ஒரே நாளில் முடிக்க வேண்டும். முந்தின நாளே அவர்களுக்குள் ஒரு செய்தி பரவியிருக்கிறது: காது டெஸ்டில் தேறாதவனுக்கு கேட் பாஸ் கிடையாது. அதனால் நாற்பத்து நான்கு பேரும் தேர்வுக்குத் தயாராகி வந்திருந்தார்கள். எப்படி என்றால், தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, இரண்டு காதிலும் ஊற்றி, பஞ்சு அடைத்துப் படுத்திருக்கிறார்கள். காது பளிச்சென்று திறந்துகொள்ளும் என்று யாரோ சொன்னதாம். ஊரே சேர்ந்து ஊற்றியிருக்கிறது. சோதனைக்கு வருகிற காதில் எதையும் ஊற்றக் கூடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

முதல் ஆள் உள்ளே வந்து பஞ்சை எடுத்தார். எண்ணெய் கழுத்துவரை வழிந்தது. ஏசி போட்ட, திறக்க ஜன்னல் இல்லாத, அலமாரி அளவுப் பெட்டி அது. பூண்டு, வேர்வை, வாயில் அடக்கிய புகையிலை எல்லாம் அதற்குள் சேர்ந்து நின்றது. இரண்டாவது ஆளின் காதோரம் சாம்பலும் எண்ணெயும் கலந்து கருப்பு மையாக இருந்தது. ஐந்தாவது ஆளுக்கு விளக்கடித்தபோது உள்ளே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. தலையைச் சாய்க்கச் சொன்னேன். வெந்த பூண்டுத் துண்டு ஒன்று என் கையுறை மேல் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்து, "இத்தத்தான் நைட்டெல்லாம் தேடிகினு இருந்தேன்" என்றார்.

ஓடிப்போய் வேனுக்குப் பின்னால் குமட்டினேன். வெறும் தண்ணீர்தான் வந்தது. ஓட்டுநர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். இத்தனை கலீஜான பொழப்பை நான் எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று கேட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது அத்தனை பேரையும் திருப்பி அனுப்பி, காதைச் சுத்தம் செய்துகொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொல்வது. நான் செய்தது வேறு. ஆறாவது ஆளிலிருந்து ஹெட்போனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். காதுக்குள் விளக்கடிப்பதையும் நிறுத்தினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று, வேறொரு ஹெட்போனை என் காதில் மாட்டிக்காட்டி, இதே மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தேன். எதிரெதிரே நிற்கிறோம் அல்லவா, நான் சிவப்பை என் வலது காதில் வைக்க, பாதிப் பேர் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்ப்பது போல இடது காதில் வைத்துக்கொண்டார்கள். மெத்தைகள் எண்ணெயில் வழுக்கி இறங்கின. சிலருக்கு அது கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் தொப்பிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். அதை மட்டும் திருத்தச் சொன்னேன். மற்றதெல்லாம் கண்ணில் பட்டது, பேசாமல் ஒலியை அனுப்பிக்கொண்டே இருந்தேன். மாலை நான்கு மணிக்கே முடித்துவிட்டோம். சீக்கிரம் முடித்ததற்கு ஆலையில் பாராட்டு வேறு கிடைத்தது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன், இரண்டு முறை. சாப்பாட்டில் ரசம் இருந்தது. பூண்டு ரசம். தட்டைத் தள்ளி வைத்தேன்.

நாற்பத்து நான்கு பேரில் ஆறு பேர் தேறவில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து திருவொற்றியூரில் வேறொரு பட்டறை வாசலில் வேனை நிறுத்தியிருந்தோம். பகல் வெயில். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் வந்து படியில் கால் வைத்தார். கையில் என் அறிக்கையின் நகல், எட்டாக மடித்தது.

"இந்த பேப்பர்ல கையெழுத்து போட்டது ஆரு?"

நான்தான் என்றேன்.

"அப்ப நீதானா என் காத சாவடிச்சது."

ஓட்டுநர் நடுவில் புகுந்தார். "குந்து மாமு மொதல்ல. வெயில்ல வந்துகீற."

உட்கார்ந்தார். விஷயத்தை அவர் சொன்ன விதத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. அந்த எண்ணூர் ஆலையில் கிரேனுக்குக் கீழே நின்று மேலே இருப்பவருக்குக் கை காட்டுகிற வேலை அவருடையது. கிரேனின் மணிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் ஒரு காதாவது நன்றாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. என் காகிதத்தில் இரண்டு காதும் போய்விட்டதாக இருந்தது. மறுநாளே பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில். அவர் இடத்தில் தற்காலிகமாக வேறு ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள், இந்த மாதக் கடைசிவரைதான் பார்ப்பார்களாம். அதற்குள் தேறிய காகிதம் வராவிட்டால் அந்த ஆளையே நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள்.

"எடது காது மந்தம், அத்த நானே ஒத்துக்கறேன். வலது காதுலதான் போன் பேசிகினு கீறேன். எம் பொண்ணு சின்னதா மூக்க உறிஞ்சினா கூட கேக்குது. நீ ரெண்டும் அவுட்டுனு எழுதிக் குடுத்துகீற."

இயந்திரம் பொய் சொல்லாது என்றேன். என் வாயில் முதலில் வந்த வார்த்தை அதுதான். சொல்லும்போதே எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"மிஷின் பொய் சொல்லாது, கரீட்டு. அத்த என் காதுல வச்சது ஆரு? நான்தான வச்சேன். எனுக்கு இன்னா தெரியும்? நீ கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு கூத்து காட்டின, நான் பாத்து மாட்டினேன்."

ஓட்டுநர் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

வந்தவரைப் பெட்டிக்குள் உட்கார வைத்தேன். கையுறை போட்டேன், அதன் மேல் இன்னொன்று. அப்படியும் அந்தக் காதின் சூடு விரலுக்கு வந்தது. மடிப்புகளில் அன்றைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பழுப்பாக வந்தது, அப்புறம் சாம்பல் நிறமாக, மறுபடி பழுப்பாக. ஏழு பஞ்சு ஆயிற்று. மூச்சை வாய் வழியாக விட்டுக்கொண்டிருந்தேன். அவர் கழுத்தில் மீன் கூடைச் சந்து வழியாக நடந்து வந்த வாசனை இருந்தது. விளக்கடித்துப் பார்த்தேன். மெழுகு இருந்தது, ஆனால் அடைக்கவில்லை. மயிர்க் காட்டுக்கு அந்தப் பக்கம் செவிப்பறை மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்று செய்தேன். ஹெட்போன் அழுத்துவது போல என் உள்ளங்கையால் அவர் காதை மெல்ல அழுத்தி, ஓரத்திலிருந்து பார்த்தேன்.

காதுத் துளை மூடிக்கொண்டது. உதட்டைப் பொத்தியது போல. கையை எடுத்தேன், திறந்தது. அழுத்தினேன், மூடியது.

வயதானவர்கள் சிலருக்குக் குருத்தெலும்பு தளர்ந்துபோய் இப்படி ஆகும். ஹெட்போனின் அழுத்தமே துளையைச் சாத்திவிடும்; சாத்திய கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே ஆளில்லை என்று எழுதுகிற கதை. பாடத்தில் இதற்கு அரைப் பக்கம் உண்டு, தேர்வில் நான் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். காதைத் தொட்டவர்களுக்கு மட்டுமே இது தெரியவரும். நான் தொடவில்லை.

பஞ்சுத் துணியைச் சின்ன உருளையாகச் சுருட்டி அவர் காது மடலுக்குப் பின்னால் செருகினேன். மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது, துளை திறந்தே இருந்தது. சிவப்பை நானே பிடித்து, துளைக்கு நேராக வைத்து, பட்டையை இறக்கினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினார், இல்லை என்று. வெளியே வந்து ஒலியைக் குறைத்துக் குறைத்து அனுப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தார். அவ்வளவு சன்னமான ஒலிக்கு அழுத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் வயதுக்கு அருமையான வலது காது. இடது காது, அவரே சொன்ன மாதிரி, மந்தம்.

அப்போதுதான் மற்ற ஐந்து பேர் ஞாபகம் வந்தார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தேறாத ஆறு பேரில் ஐந்து பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

எங்கள் முதலாளிக்கு போன் செய்தேன். இயந்திரக் கோளாறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து முடித்துவிடு என்றார். ஆனால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்கிற சான்றிதழை அன்றைக்கு அந்த ஆலைக்கு நானே கொடுத்திருந்தேன், இன்னும் செல்லுபடியாகிற சான்றிதழ். அந்தக் காகிதம் அங்கே இருக்கும்வரை கோளாறு என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள், கட்டம் போட்ட சட்டைக்காரருக்குப் பாஸும் வராது. வேறு வழியில்லாமல்தான் உண்மையை எழுதினேன். பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. சோதனை செய்தவர் ஆறாவது ஆளிலிருந்து ஹெட்போனைத் தன் கையால் வைக்கவில்லை, காதுகளைப் பார்க்கவும் இல்லை, ஆகவே இந்த முடிவுகள் செல்லாது. இவ்வளவுதான் கடிதம். அதற்குக் கீழே என் கையெழுத்து.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எண்ணூர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போனேன். சுத்தமான அறை, மேஜையில் கைக்கு அடிக்கிற வாசனை ஸ்பிரே. கடிதத்தைப் படித்தார். ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அருவருப்பாக இருந்தது சார் என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"இதுக்கு எதுக்கும்மா மூஞ்சி வாடிப் போச்சு? யாருக்குத்தான் அருவருப்பா இருக்காது. நானே ஷெட் பக்கம் போய் ஆறு மாசம் ஆச்சு. அவங்க வந்துட்டுப் போனா இந்த ரூமுக்கு ரூம் ஸ்பிரே அடிக்கச் சொல்வேன். நீ படிச்ச பொண்ணு, உனக்கு மட்டும் இருக்காதா?"

ஸ்பிரே புட்டியை என் பக்கம் நகர்த்தினார். அடித்துக்கொள் என்பது போல. அவருடைய அந்த அன்பான முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த குமட்டல், பூண்டுத் துண்டுக்கு வந்ததைவிட அதிகம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் செய்ததையேதான் அவரும் செய்துகொண்டிருந்தார், கொஞ்சம் நீண்ட காலமாக. அதே மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒருவருடைய காகிதத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் கேட்டு வரவில்லையே என்றார். ஆறு பேரையும் மறுபடி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்க மாட்டேன் என்றேன். கடிதம் அவர் கோப்பில் கிடந்தால் முப்பத்தொன்பது பேருடைய சோதனையும் செல்லாது, தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அது அவருக்குத்தான் பேஜாரு. சிரிப்பு நின்றது. அடுத்த திங்கட்கிழமை கேட்டருகே வேனை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். காதில் எதுவும் ஊற்றக் கூடாது என்று ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார். ஊற்றவில்லை. அதனால் எனக்கு எதுவும் சுலபமாகிவிடவில்லை. ஒருவர் காதில் பழைய சீழ், அதன் வாசனையை எழுத்தில் வைக்க எனக்கு வராது. அவரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். இன்னொருவருக்கு நிஜமாகவே இரண்டு காதும் போயிருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு, கேட்டைத் திரும்பிப் பார்க்காமல் சாலைப் பக்கம் நடந்தார். மற்ற மூன்று பேரும் தேறினார்கள். பன்னிரண்டு காதும் என் கையால் தொட்டு, துடைத்து, உருளை வைத்து, துளை பார்த்து வைத்தவை. ஒவ்வொரு காதுக்கும் முன்னால் வெளிக் காற்றை ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டேன்.

கடைசியில் கட்டம் போட்ட சட்டைக்காரர். அதிகாரியின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, மறுபடி முதலிலிருந்து. வலது காது அதே மாதிரி, சொக்கத் தங்கம். தேறினார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் நைனா என்றேன். காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிப்பு கெடக்கட்டும். கைய வச்ச, சரி. மூஞ்சிய இன்னாத்துக்கு அப்டி வச்சிகினு கீற? என் காது இன்னா உன் சோத்துத் தட்டுலயா கீது?"

ஓட்டுநர் சத்தமாகச் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை, அது அவருக்கும் தெரிந்தது.

காவல் அறையில் காகிதத்தைக் காட்டினார். பழைய பாஸை எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார். நான் கையுறைகளைக் கழற்றிப் போட்டு, வேன் படியில் உட்கார்ந்து, ஸ்பிரிட்டை ஊற்றிக் கை கழுவினேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. போதவில்லை, மறுபடி ஊற்றினேன். நிமிர்ந்தபோது அவர் கம்பிகளுக்குப் பின்னால் இன்னும் அங்கேயே நின்று, நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.